பௌத்தத்தில் ‘தந்திரம்’ என்பது எதைக் குறிக்கிறது? (விவாத இழை)

கானாடுகாத்தான் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு குடகுக்குச் சென்றபோது, பைலகுப்பேயில் உள்ள திபெத்தியர் குடியிருப்பையும் அங்கிருக்கும் நம்ட்ரோலிங் மடாலயத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். பொன்னிறத்தில் ஒளிரும் மூன்று பெரிய திருவுருவங்களின் முன்னால் என் தாயார் நெடுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு சுவரோவியங்களின் பக்கம் திரும்பியவர், மண்டையோட்டு மாலையும் கோரைப்பல்லுமாகத் தீச்சுவாலைக்கு நடுவில் நிற்கும் உருவங்களைக் கண்டு திகைத்துவிட்டார். வெளியே ஒரு கடையில் விற்ற படத்தில், ஆணும் பெண்ணும் தழுவிய கோலத்தில் ஒரு தெய்வ வடிவம் இருந்தது. ஆசையை விடச் சொன்ன புத்தருக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. உடன் வந்த மைத்துனர், அது தாந்திரீக பௌத்தம், நம் பக்கத்தில் சூனியம் வைப்பது போன்றதுதான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஊர் திரும்பித் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கம் மாந்திரீகம் என்கிறார்கள். மறுபக்கம் தாம்பத்திய இன்பத்தைப் பெருக்கும் பயிற்சி என்று கட்டணத்தோடு விளம்பரம் செய்கிறார்கள். இரண்டையும் என் மனம் ஏற்கவில்லை. இதைப் படித்தறிந்தவர்கள் நிதானமாக விளக்கினால், என் தாயாருக்கு எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

தறிவீடு, காரைக்குடி

கண்டாங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், இந்தக் கேள்விக்கான விடையைத் தறியிலிருந்து தொடங்குகிறேன். பௌத்த நூல்களைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். திபெத்தியத் துறவி ஒருவரிடம் சில காலம் பாடமும் கேட்டிருக்கிறேன். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடமொழியில் ‘தன்’ என்ற வேருக்கு நீட்டுதல், விரித்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த ‘தந்த்ர’ என்ற சொல் தறியையும், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலையும் குறிக்கும். சேலை நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால் தார் மாற்றுவோம், வேறு நிறமும் கோப்போம். பாவு மட்டும் முதல் முழத்திலிருந்து கடைசி முழம்வரை அறாமல் ஓடிக்கொண்டிருக்கும். திபெத்தியர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் மொழியில் ‘கியூ’ என்று பெயர்த்தார்கள். அதற்கும் அறாத தொடர்ச்சி என்றே பொருள். குகியசமாச தந்திரம் என்ற பௌத்த நூல், பிரபந்தமே தந்திரம் எனப்படுகிறது என்று தானே இலக்கணம் கூறுகிறது. இங்கே பிரபந்தம் என்பது தொடர்ந்து கட்டப்பட்டது, இடையறாதது என்ற பொருளில் வருகிறது.

எது அறாமல் தொடர்கிறது என்று கேட்டால், மனத்தின் தெளிந்த இயல்பு என்று அம்மரபு விடை சொல்லும். அறியாமையில் கிடக்கும் மனிதரிடமும், பயிற்சியில் இருப்பவரிடமும், புத்தரிடமும் ஓடுவது ஒரே பாவு. அழுக்கு ஏறியிருப்பதும் நீங்கியிருப்பதுமே வேற்றுமை. அடிப்படை, வழி, பயன் என்று மூன்று நிலைகளில் இதனை விளக்குவார்கள். இந்தத் தொடர்ச்சியைப் பற்றிப் பேசும் நூலுக்கும் அதைக் கண்டுகொள்ளச் செய்யும் பயிற்சிக்கும் தந்திரம் என்ற பெயரே நின்றுவிட்டது.

தமிழருக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. நெய்யும் இழைக்கும் படிக்கும் சுவடிக்கும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதை ஓதுவார்கள் அனைவரும் அறிவார்கள். அங்கே சூழ்ச்சி என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் தந்திரம் என்றால் நரித்தந்திரம் என்றாகிவிட்டது. பௌத்தத்தின் உயிர்நாடியான சூனியம் என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது. எந்தப் பொருளும் தன்னந்தனியாகத் தனக்கென ஒரு நிலைத்த உள்ளீட்டோடு இருப்பதில்லை, சார்புகளால்தான் தோன்றுகிறது என்ற மெய்யறிவைக் குறித்த அச்சொல், நம் தெருவில் எலுமிச்சம்பழமும் ஊசியுமாக நிற்கிறது. கருணையோடு கூடிய வழிமுறையைக் குறிக்கும் உபாயமும் தப்பவில்லை. தந்திரோபாயம் என்று இரண்டையும் சேர்த்துப் போர் உத்திக்குப் பெயராக வைத்துவிட்டோம். தங்கள் மைத்துனர் தவறாகச் சொன்னதற்கு அவர்மேல் குறையில்லை. அவர் கையிலிருந்த சொற்களே அவரை அங்கே கொண்டு சென்றிருக்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

சொல்லின் வேர் குறித்த விளக்கம் நன்று. ஆயினும் வேர்ச்சொல்லைக் காட்டி ஒரு மரபை முழுவதும் வெள்ளையடித்துவிட இயலாது என்பது என் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடந்தபோது, தம்மைத் தாந்திரீகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தோஷம் கழிப்பதாகக் கூறி, ஏழு சவரன் நகையை வாங்கிக்கொண்டு போனார். நோயும் தீரவில்லை, மருத்துவத்துக்குச் செல்ல வேண்டிய காலமும் வீணாயிற்று. அந்த வலியோடுதான் இந்தச் சொல்லை நான் கேட்கிறேன்.

மேலும், பௌத்த தந்திர நூல்களிலேயே ஐவகை இறைச்சியும் மதுவும் பேசப்படுகின்றன. பகைவரை அடக்கும் செயல்முறைகளும் சில நூல்களில் உண்டு. அவற்றில் பல, அக்காலத்துச் சைவ, சாக்த தந்திரங்களிலிருந்து பெறப்பட்டவை என்று ஆய்வாளர்கள் நூல்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அனைத்தும் குறியீடே என்று பிற்காலத்தவர் சொல்வதை அப்படியே ஏற்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தறிவீடு அவர்கள் இதற்கு விடையளிக்க வேண்டும்.

தறிவீடு, காரைக்குடி

ஐயா, தங்கள் இழப்பைப் படித்து வருந்துகிறேன். தங்கள் மறுப்பில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். எல்லாம் குறியீடு என்று நானும் சொல்லமாட்டேன். சொற்படியே செய்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மிக வலுவான சான்று, அவர்களைக் கண்டித்தவர்களின் எழுத்துகளே ஆகும். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்குத் திபெத்தை ஆண்ட யேஷே-ஓ என்ற துறவி மன்னர், தந்திரத்தின் பெயரால் உயிர்ப்பலியும் முறையற்ற புணர்ச்சியும் செய்வோரைக் கடிந்து ஓர் ஆணை விடுத்தார். அவர் மரபினரின் அழைப்பை ஏற்று 1042-இல் திபெத் சென்ற வங்கத்து அறிஞர் அதீசர், அங்கே எழுதிய போதிபத பிரதீபம் என்ற சிறு நூலில், பிரம்மசரியம் காக்கும் துறவி, புணர்ச்சியோடு தொடர்புடைய தீட்சைகளான இரகசிய அபிடேகத்தையும் ஞான அபிடேகத்தையும் உடலளவில் ஏற்கலாகாது, ஏற்றால் அவரது நோன்பு குலையும் என்று எழுதினார். ஆக, தந்திரம் என்றால் காமம் என்று எண்ணுவது இன்றைய இணையம் உண்டாக்கிய பிழை அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மரபுக்குள் இருந்த பிழை, அம்மரபின் பெரியோராலேயே மறுக்கப்பட்ட பிழை. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவுக்கு அடித்தளமிட்ட சோங்கப்பா (1357–1419) தந்திரங்களுக்கு விரிவான உரை எழுதியவர். அவரோ இறுதிவரை துறவு விதியை வழுவாமல் காத்தவர்.

சைவ மரபிலிருந்து பெற்றவை உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. பெற்றதை எந்தப் பாவில் கோத்தார்கள் என்பதே இங்கே பார்க்க வேண்டியது. தழுவிய உருவத்தையே எடுத்துக்கொள்வோம். சாக்த மரபில் பெண் வடிவம் சக்தி, இயக்கும் ஆற்றல். பௌத்த ஓவியத்தில் பெண் வடிவம் பிரக்ஞை, அதாவது மேலே சூனியம் என்று சொன்ன வெறுமையை உணர்ந்த அறிவு; ஆண் வடிவம் உபாயம், அதாவது கருணை. கருணையற்ற அறிவு வறண்டுபோகும், அறிவற்ற கருணை குருடாகும் என்பதால், இரண்டும் ஒரு கணமும் பிரியாதிருக்கும் நிலையை, மனிதர் அறிந்தவற்றுள் மிக நெருங்கிய உறவைக் கொண்டு வரைந்தார்கள். திபெத்தியர்கள் அதனைத் ‘தந்தை–தாய்’ என்றே அழைக்கிறார்கள். துறவியின் கையிலிருக்கும் வச்சிரம் என்ற சிறு சடங்குக் கருவியும் மணியும் இதே இரண்டைக் குறிப்பவை. வலக்கை வச்சிரம் உபாயம், இடக்கை மணி பிரக்ஞை.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் ஐயம் இன்னும் தெளியும். தொடக்கத்தில் பயில்பவர், ‘நான்’ என்று பற்றிக்கொண்டிருக்கும் இந்த உடலையும் பெயரையும் வெறுமையில் கரைக்கிறார். அந்த வெறுமையிலிருந்து ஒரு விதையெழுத்து எழுவதாகவும், அது தெய்வ வடிவாக விரிவதாகவும் தியானிக்கிறார். அவ்வடிவம் வானவில்லைப் போல ஒளி மட்டும் உடையது, பிடிக்கப் பிடிபடாதது. இறுதியில் அதையும் கரைத்துவிட்டே எழ வேண்டும். இது உற்பத்திக் கிரமம். இதற்குப் பின் வரும் நிட்பன்னக் கிரமத்தில் நாடி, காற்று, விந்து (உடலின் நுண்துளி) ஆகியவற்றோடு நுண்ணிய பயிற்சிகள் உண்டு. அவை குருவின் நேரடிப் பார்வையில் மட்டும் பயில வேண்டியவை என்பதால் இங்கே விரிக்கவில்லை. வெறுமையைப் பற்றிய அறிவு இல்லாமல் தன்னைத் தெய்வமாகக் கற்பனை செய்துகொள்பவருக்கு அகந்தைதான் வளரும் என்று எல்லா ஆசிரியர்களும் எச்சரிக்கிறார்கள். எனவேதான் பல பிரிவுகளில் அடிப்படைப் பயிற்சியாக ஒரு இலட்சம் முறை தரையில் விழுந்து வணங்குவது உள்ளிட்ட முன்பயிற்சிகளை முடிக்கச் சொல்கிறார்கள். வாரக் கடைசியில் ஒரு விடுதியில் கற்றுத்தரப்படும் இன்பப் பயிற்சிக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே தொடர்பு.

ஆசையை ஏன் கையிலெடுக்க வேண்டும் என்பது கானாடுகாத்தான் வாசகரின் தாயார் எழுப்பிய கேள்வி, அதுவே இந்த இழையின் முதற்கேள்வியும் ஆகும். நம் சித்த வைத்தியர்கள் பாடாணங்கள் என்ற நச்சுப் பொருள்களை மருந்தாக்குவதைக் கண்டிருப்பீர்கள். சுத்தி செய்யாத பாடாணம் கொல்லும். முறைப்படி சுத்தி செய்து, புடமிட்டு, அனுபானத்தோடு அளவறிந்து கொடுத்தால் பிணி தீர்க்கும் என்பது அவர்களின் நெறி. எவற்றால் உயிர்கள் கட்டுண்கின்றனவோ, அவற்றாலேயே உபாயத்தோடு கூடினால் கட்டிலிருந்து விடுபடுகின்றன என்று ஏவச்சிர தந்திரம் கூறுவதன் கருத்தும் அதுவே. அவ்வாக்கியத்தில் ‘உபாயத்தோடு கூடினால்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர், சுத்தி செய்யாத பாடாணத்தை விழுங்குபவர் போன்றவர். இங்கே சினம், ஆசை, மயக்கம் ஆகியவற்றை வளர்ப்பதன்று நோக்கம். அவை எழும் கணத்திலேயே அவற்றின் வெறுமையைப் பார்த்து, அந்த ஆற்றலைத் தெளிவுக்குத் திருப்புவது. கோரைப்பல் காட்டும் உருவங்கள் சினப்பது மனிதர்மேல் அன்று. எமாந்தகர் என்ற சினவடிவத் தெய்வத்தின் காலடியில் கிடப்பது அறியாமை. மண்டையோடு நிலையாமைக்கு அடையாளம்.

இன்னொரு செய்தி. திபெத்தில் பிற்காலத்தில் பரவிய பிரிவுகள் தந்திரங்களைக் கிரியை, சரியை, யோகம், அனுத்தரயோகம் என நான்காகப் பகுக்கின்றன. முதல் வகுப்பான கிரியா தந்திரத்தில் நீராடலும் தூய்மையும் நோன்புமே முதன்மை. கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதரை எண்ணி நோற்கும் ஞுங்னே என்ற விரதத்தில் இறைச்சி இல்லை, மது இல்லை. ஒரு நாள் ஒரு வேளை மட்டும் உண்டு, மறுநாள் நீரும் அருந்தாமல் மௌனமாக இருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பவர்கள் அதனைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். அதுவும் தந்திரமே.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்குப் பௌத்தம் தெரியாது. ஆனால் ‘இரகசியம்’ என்ற சொல்லைக் கண்டு எல்லோரும் ஏன் மிரள்கிறார்கள் என்பது விளங்கவில்லை. நகரத்தார் வீடுகளில் பாதரக்குடி மடத்திலும் துலாவூர் மடத்திலும் உபதேசம் கேட்கும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. காதில் சொன்ன மந்திரத்தை நாங்கள் வெளியே சொல்வதில்லை. அதில் வெட்கப்பட ஏதேனும் இருப்பதாலா சொல்லாதிருக்கிறோம்? கேட்கும் தகுதியும் காக்கும் பொறுப்பும் இல்லாத இடத்தில் போட்டால் அது வெறும் ஓசையாகிவிடும் என்பதால்தான்.

பட்டமங்கலத்துக் கோயிலின் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். இறைவன் அட்டமாசித்திகளை உபதேசித்தபோது கார்த்திகைப் பெண்கள் மனம் ஊன்றிக் கேட்கவில்லை; அதனால் ஆயிரம் ஆண்டுகள் ஆலமரத்தடியில் பாறையாகக் கிடந்தார்கள் என்று திருவிளையாடலில் வருகிறது. பெரிய உபதேசத்தை அலட்சியமாகப் பெற்றால் கேடு என்பது நம் மண்ணிலும் அறிந்த செய்தியே.

தறிவீடு, காரைக்குடி

ஆச்சி சொன்னது மிகப் பொருத்தமான ஒப்புமை. அபிடேகம் என்று பௌத்தர்கள் சொல்வதும் தீட்சை போன்றதே. அதனோடு ‘சமயம்’ என்ற பெயரில் உறுதிமொழிகள் வருகின்றன. இங்கே சமயம் என்பது மதத்தையோ நேரத்தையோ குறிப்பதன்று, ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டைக் குறிப்பது. பலர் எண்ணுவதற்கு மாறாக, தந்திரத்தில் நுழைந்தால் கட்டுப்பாடுகள் கூடுகின்றனவே தவிரக் குறைவதில்லை.

புதுவயல் வாசகி

நான் கல்லூரியில் தத்துவம் பயிலும் மாணவி. ஒப்புமைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் இரகசியமும் குருபக்தியும் சேரும் இடத்தில் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் இதுவரை பேசவில்லை. அண்மைக் காலத்தில் சில திபெத்திய ஆசிரியர்கள்மீது மாணவியரே பாலியல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். ‘குருவைப் புத்தராகக் காண்’ என்ற விதியே அவர்களை நெடுங்காலம் பேசவிடாமல் செய்தது. பெண் வடிவம் பேரறிவின் சின்னம் என்று ஓவியத்தில் சொல்லிவிட்டு, வாழ்வில் பெண்ணைக் கருவியாக நடத்துவதை அந்த நெறி எப்படி எதிர்கொள்கிறது?

தறிவீடு, காரைக்குடி

சகோதரி, நான் முன்பே எழுதியிருக்க வேண்டியதைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குற்றங்கள் நடந்தன. அவற்றைத் தவறான புரிதல் என்ற பெயரில் ஒதுக்க நான் உடன்படமாட்டேன். அந்த நெறியைப் பயன்படுத்தியே அவை மறைக்கப்பட்டன.

நூல்கள் கூறுவதைக் கேளுங்கள். தந்திரத்தில் நுழைந்தவர் செய்யக் கூடாதவை என்று வகுத்த பதினான்கு மூல வழுக்களில் பதினான்காவது, பெண்களை இகழ்தல். ஞுங்னே விரதத்தைத் தொடங்கியவராக மரபு போற்றுவது இலட்சுமி என்ற பிக்குணியை. குருபக்தியைப் பற்றிய ஐம்பது பாடல்கள் கொண்ட குருபஞ்சாசிகை என்ற நூல், குருவும் மாணவரும் முதலில் ஒருவரை ஒருவர் சோதித்தறிய வேண்டும் என்கிறது. குரு சொல்வதைக் காரணத்தோடு செய்ய இயலாதபோது, பணிவாக மறுத்து விளக்கம் சொல்லலாம் என்றும் கூறுகிறது. 1993-இல் தர்மசாலையில் மேலைநாட்டுப் பௌத்த ஆசிரியர்களைச் சந்தித்த தலாய் லாமா, தவறிழைக்கும் ஆசிரியரைத் தனியே எடுத்துரைத்தும் திருந்தாவிட்டால் வெளிப்படையாக அறிவிக்கத் தயங்க வேண்டாம் என்ற நிலையை எடுத்தார். ஆனால் நூலில் மறுக்கும் உரிமை இருப்பதும், ஊரைவிட்டு வந்து ஒரே ஆசிரியரை நம்பி வாழும் இளம்பெண்ணுக்கு அந்த உரிமை கைக்கு எட்டுவதும் வெவ்வேறு. அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

புதுவயல் வாசகி

மழுப்பாமல் எழுதியதற்கு நன்றி. பதினான்காவது வழு பற்றி நான் அறிந்திருக்கவில்லை.

கோட்டையூர் வாசகர்

என் ஐயா பர்மாவில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். தாத்தாவை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். பகான் நகரில் பண்டைக் காலத்தில் ‘அரி’ என்ற துறவிகள் இருந்தார்கள், அவர்கள் குடியும் காமமுமாக வாழ்ந்தார்கள், அனவரதா மன்னர் அவர்களை ஒழித்துத் தேரவாதத்தை நிறுவினார் என்று அவர் அங்கே கேட்டதைச் சொல்வார். அவர்கள் தாந்திரீகர்கள் என்று இப்போது படித்தேன். இது உண்மையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

இதற்கு நான் விடை சொல்லலாம். அனவரதா ஆண்ட காலம் 1044 முதல் 1077 வரை. அரிகளைப் பற்றிய வசைகள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் கழித்து, வென்ற தரப்பினர் தொகுத்த அரச வரலாறுகளில் உள்ளவை. அவர்கள் காட்டில் வாழ்ந்த ஆரணியத் துறவிகளாக இருக்கலாம் என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். தோற்றவர்களைப் பற்றி வென்றவர் எழுதியதைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது.

இதை எழுதும்போதே, என் முதல் பதிவில் நானும் ஓரளவு அதையே செய்தேனோ என்று தோன்றுகிறது. என் நகையைக் கொண்டுபோனவருக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பில்லை. அந்த அளவில் என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். நூல்களில் உள்ள அடக்கும் செயல்முறைகள் பற்றிய என் ஐயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு செய்தியைத் தமிழர் அறிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறேன். சீனத்தில் தந்திர பௌத்தத்தை நிலைநாட்டிய மூவருள் ஒருவரான வச்சிரபோதி (671–741) தென்னாட்டோடு தொடர்புடையவர். பல்லவர் காஞ்சியில் இருந்தவர். இலங்கை சென்று, கடல்வழியாக 720-ஆம் ஆண்டளவில் சீனம் அடைந்தார். அவருடைய மாணவர் அமோகவச்சிரர், அவருடைய மாணவர் ஹுய்குவோ. அந்த ஹுய்குவோவிடம் கற்று 806-இல் சப்பான் திரும்பிய கூக்காய் நிறுவியதே ஷிங்கோன் பிரிவு. அது இன்றும் கோயா மலையில் வாழ்கிறது. அதன் மூல நூல்களான மகாவைரோசனமும் வச்சிரசேகரமும் முத்திரை, மந்திரம், மண்டலம் ஆகியவற்றால் உடல், வாக்கு, மனம் மூன்றையும் புத்தரின் மூன்றோடு ஒன்றுவிப்பதைப் பற்றிப் பேசுகின்றன. தழுவிய வடிவங்கள் அங்கே மையமாக இல்லை. தந்திரம் என்றால் இன்னது என்று திபெத்திய ஓவியம் ஒன்றை வைத்து முடிவு செய்வோர் சப்பானையும் பார்க்க வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற ஒரு நெறியை நாம் சூனியம் வைப்பது என்று அழைத்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கானாடுகாத்தான் வாசகர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை இவற்றைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பாடாணத்தைச் சுத்தி செய்யும் ஒப்புமை அவருக்கு உடனே விளங்கியது. அவருடைய தகப்பனார் நாட்டு வைத்தியம் பார்த்தவர். தழுவிய உருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சற்றுநேரம் இருந்துவிட்டு, அம்மையப்பன் என்பதுபோலத்தானே என்றார். நான் பிரக்ஞை, உபாயம் என்ற வேறுபாட்டைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். கடைசியாக ஒன்று கேட்டார். மடாலயத்தில் வண்ண மணலால் வரைந்திருந்த வட்டக் கோலத்தின் படத்தைப் பார்த்தோம். அதைப் பல நாள் உழைத்து வரைந்துவிட்டுக் கலைத்து ஆற்றில் கரைப்பார்கள் என்றார்கள். அது எதற்கு என்று கேட்கிறார்.

தறிவீடு, காரைக்குடி

மண்டலம் எனப்படும் அது கோலம் போலத் தோன்றினாலும் ஒரு வீட்டின் தரைப்படம் என்று தாயாரிடம் சொல்லுங்கள். தங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு திசையிலும் வாயில், அவற்றைத் தாண்டிச் சுற்றுக்கட்டு, நடுவில் தெய்வம் அமர்ந்திருக்கும் இடம். பயில்பவர் கிழக்கு வாயிலில் தொடங்கி மனத்தால் ஒவ்வொரு கட்டாக உள்ளே சென்று, நடுவில் இருப்பது தன் மனத்தின் தெளிந்த இயல்பே என்று காண வேண்டும். மணலில் வரைந்தது அந்த வீட்டை மனத்தில் எழுப்புவதற்கு உதவி. எழுப்பி முடித்த பின் அதையும் பற்றிக்கொள்ளலாகாது என்பதால், துறவி ஒருவர் வச்சிரத்தால் குறுக்கே கோடிழுத்து வண்ணங்களை ஒன்றாகக் கூட்டிவிடுகிறார். அந்த மணலில் சிறிது வந்திருப்போருக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை ஓடும் நீரில் விடுகிறார்கள். நீர் செல்லும் ஊர்களுக்கெல்லாம் அந்த நன்மை சேரட்டும் என்பது அவர்கள் வேண்டுதல்.